சொந்தக் காரணங்களை முன்னிட்டு

"கண்ணு, சமையல் ஆயிடுச்சா?"

லோகேஸ்வரி ஆன்டி அன்று சாயங்காலம் கதவுக்கு வெளியே நின்று கேட்டது இதைத்தான். ஆனால் வந்தது அதற்காக இல்லை என்று வாணிக்குத் தெரிந்துவிட்டது. சமையலை விசாரிக்க வருகிறவர்கள் கையில் வெள்ளைத்தாள் எடுத்து வருவதில்லை.

"இன்னும் இல்ல ஆன்டி. உள்ள வாங்க."

"உள்ள எல்லாம் வேணாம். அங்கிள் ஸ்கூல் பிள்ளைங்கள எறக்கி விட்டுட்டு வேனை எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள முடிக்கணும். மலாய்ல ஒரு லெட்டர் எழுதித் தரணும். வேலைய விட்டு நிக்கிறேன்னு."

"யாரு ஆன்டி நிக்கிறது?"

"நான்தான். பின்ன உங்கப்பாவா?"

வாணி மேசையை இழுத்துப் போட்டுப் பேனாவைத் தேடினாள்.

"எப்பலேருந்துன்னு போடணும்?"

"வியாழக்கிழமை. வெள்ளின்னு போட்டுறாதே. வியாழன்."

"காரணம்?"

ஆன்டி நடைபாதைக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த எதிர்வீட்டுச் சட்டை ஒன்றை எடுத்து, திருப்பிப் போட்டு, மறுபடியும் நேராகப் போட்டார்.

"காரணம் போட்டே ஆகணுமா?"

"போட்டாதான் ஆன்டி லெட்டர் மாதிரி இருக்கும்."

"அப்ப சொந்தக் காரணம்னு போடு. அழகாப் போடு. நானே போறேன், என்னை யாரும் போகச் சொல்லலன்னு படிக்கிறவனுக்கு நல்லாத் தெரியணும்."

வாணி எழுதினாள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு மலாய் இடைநிலைப்பள்ளியில் ஐந்து வருடம் படித்தவள். இரண்டு மொழியிலும் கடிதம் எழுத வரும். இரண்டிலும் நாலு பேர் முன்னால் பேசத்தான் வராது. 'சொந்தக் காரணங்களை முன்னிட்டு, என் முழு விருப்பத்தின் பேரில்' என்பதை மலாயில் வளைத்து நெளித்து நன்றாகவே எழுதினாள். ஒருமுறை படித்துத் தமிழில் சொல்லியும் காட்டினாள்.

"கோர்ட்டு லெட்டர் கணக்கா இருக்கு லா!" என்றார் ஆன்டி. தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கொண்டுவந்திருந்த கையுறைப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏன் நிற்கிறீர்கள் என்று வாணி கேட்கவில்லை. பெரியவர்கள் விஷயம், கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று இருந்துவிட்டாள்.

கிள்ளானில் அந்த அடுக்குமாடியின் நாலாவது மாடியில் கையுறைப் பெட்டி இல்லாத வீடு கிடையாது. எல்லாம் லோகேஸ்வரி ஆன்டி கொண்டுவந்தவை. மேரு பக்கம் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக அவருக்குச் சோதனைப் பிரிவில் வேலை. கையுறைக்குள் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் கண் எடுக்காமல் பார்த்து, எங்கேயாவது ஒரு சொட்டு கசிகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். கழித்துப் போட்டதில் நல்லதாகப் பார்த்து ஊழியர்களுக்குக் கொடுப்பார்கள். அதை மாட்டிக்கொண்டுதான் அந்த மாடியே பாத்திரம் கழுவியது.

வேலையை விட்டபின் ஆன்டியால் உட்கார முடியவில்லை. விடியற்காலையில் ஃபேக்டரி பஸ் வரும் நேரத்துக்கு எழுந்துவிடுவார். பஸ் வராது என்று தெரிந்ததும் மாடிப்படியைக் கழுவ ஆரம்பிப்பார். நாலாவது மாடியில் தொடங்கியவர் மூன்றாவதுக்கும் இறங்கிவிட, அங்கே குடியிருந்த சீன அம்மா, தன்னிடம் காசு கேட்டு வந்துவிடுவாரோ என்று பயந்து கதவைச் சாத்திக்கொண்டார். பசாரில் வாங்கிய பிளாஸ்டிக் பைகளை ஒவ்வொன்றாக ஊதி, வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். கேட்டவர்களிடம் எல்லாம் ஒரே பதில்: "முதுகு வலி. போதும்னு நானே விட்டுட்டேன்."

அந்த 'நானே' என்ற சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்.

வாணிக்கு வேலை பிரிக்பீல்ட்ஸில், ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில். தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் போய் வருவாள். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, பெண்கள் பெட்டியில் அமுதவள்ளி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆன்டியோடு அதே பிரிவில் வேலை செய்தவர், கீழ்மாடியில் குடியிருக்கிறார். புது வேலைக்கு ஒரு நேர்முகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"ஒங்க பக்கத்து வீட்டு ஆன்டிக்கு சொக்சோ காசு வந்துடுச்சா வாணி?"

"எதுக்குக்கா? அவங்களுக்கு ஒண்ணும் அடிபடலையே."

"அடிபட்டாத்தான் சொக்சோன்னு நீயும் நெனச்சியா? வேலை போனாலும் குடுக்குறாங்க. சம்பளத்துல மாசாமாசம் இன்சூரன்ஸ் மாதிரி பிடிச்சாங்கல்ல, அதுலேருந்துதான். எனக்கு வந்துடுச்சு. எங்க லைன்ல எல்லாருக்கும் வந்துடுச்சு."

"ஆன்டிக்கு வேலை போகலையேக்கா. அவங்களேதானே நின்னாங்க?"

அமுதவள்ளி வாணியைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு சொன்னா? சோதனைப் பிரிவையே மூடுறோம்னு திங்கக்கிழமை பேர் லிஸ்ட் ஒட்டுனாங்க. அவங்க பேரு மூணாவது. வெள்ளிக்கிழமை கூப்பிட்டு எல்லாருக்கும் லெட்டரும் நஷ்டஈடும் குடுத்தாங்க. இவங்க புதன்கிழமையே ஏதோ ஒரு லெட்டரக் குடுத்துட்டு வியாழனோட போயிட்டாங்க. வாட்ஸ்அப் குரூப்லேருந்தும் வெளியாயிட்டாங்க. ஹெச்சார்ல வாயே தொறக்காம வாங்கி வச்சுக்கிட்டாளுங்க. ஒரு ஆளுக்கு நஷ்டஈடு மிச்சம், கசக்குமா? அறுபது நாளுக்குள்ள சொக்சோவுக்குப் போடணும், சொல்லு அவங்ககிட்ட. எந்தப் புண்ணியவான் அந்த லெட்டரை எழுதிக் குடுத்தானோ!"

ரயில் சுபாங் ஜெயாவில் நின்று கிளம்பியது. வாணி கைப்பேசியில் நாள்காட்டியைத் திறந்து, ஆன்டி வேலையை விட்ட வியாழனிலிருந்து விரலால் எண்ணினாள். நாற்பத்தொன்பது.

அன்று மருத்துவமனையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கினாள். திரும்பி வரும்போது ஆன்டியிடம் எப்படிச் சொல்வது என்று தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மாடி ஏறியதும் ஆன்டி குழாயடியில் நின்று, "வந்துட்டியா கண்ணு, மழை பிடிச்சுச்சா?" என்றார். "இல்ல ஆன்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். சுவருக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் பை ஊதும் சத்தம் கேட்கும்போதெல்லாம் மின்விசிறியை வேகமாக வைத்தாள்.

ஐம்பத்து மூன்றாம் நாள் சாயங்காலம் போய்ச் சொன்னாள். ஒரே மூச்சில், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆன்டி நம்பவில்லை. "சொக்சோ கை கால் போனாத்தானே குடுப்பாங்க?"

"வேலை போனாலும் குடுக்கிறாங்களாம் ஆன்டி. ஆனா நாமளா நின்னா குடுக்க மாட்டாங்க."

ஆன்டி கையிலிருந்த பையை மெதுவாக மடித்தார். இன்னும் சின்னதாக மடித்தார். தீப்பெட்டி அளவுக்கு வந்தது.

"அமுதாதானே சொன்னா?"

"ஆமா."

"லிஸ்டைப் பத்தியும் சொல்லியிருப்பாளே."

"ஆமா ஆன்டி."

"அங்கிள்கிட்ட சொல்லிடாதே" என்றார் ஆன்டி. வாணிக்கு அது விளங்கவில்லை. பணம் போன கவலையைவிட அந்தக் கவலை பெரிதாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து வாணி விடுப்பு எடுத்துக்கொண்டு ஆன்டியைக் கூட்டிப் போனாள். சொக்சோ அலுவலகத்தில் எண் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆன்டி தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தார். எண் ஒவ்வொன்றாக மாறும்போதும் எழுந்து நின்று, "நம்மளா?" என்று கேட்டு, உட்கார்ந்து, மறுபடியும் எழுந்தார். கடைசியில் அவர்கள் எண் வந்தது. முகப்பில் தலைத்துணி போட்ட இளம்பெண் ஒருத்தி. குரல் தணிவாக, மரியாதையாக இருந்தது.

"மக்சிக், நீங்களே வேலையை விட்டீங்களா, கம்பெனி நிறுத்துச்சா?" என்று மலாயில், அத்தை முறை வைத்துக் கேட்டாள்.

பின்னால் பதினைந்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆன்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானேதான் விட்டேன்."

வாணி வாயைத் திறந்தாள். இல்லை, இவர் பெயர் பட்டியலில் இருந்தது, அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன் என்று மலாயில் வாக்கியம் முழுதாக நாக்கில் வந்து நின்றது. நின்றதோடு சரி.

அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள், ஆன்டியைப் பார்த்தாள். "சொந்தமா விட்டிருந்தா இதுல கிடைக்காது மக்சிக். ஆனா கம்பெனி ஆள் குறைச்சதால நீங்க வெளியானீங்கன்னா, அதுக்கு ஏதாவது ஆதாரம் கொண்டாங்க. ஒரு விளக்கக் கடிதமும் வேணும். நாங்க கம்பெனியைக் கேட்டுப் பார்ப்போம். நாள் மட்டும் தாண்டிடக் கூடாது."

வெளியே வந்து ஒரு கடையில் தே ஓ கோசோங் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆன்டி சர்க்கரையே இல்லாத தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"ஏன் ஆன்டி அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணுக்கு எங்க மக ஹேமா வயசு. இத்தனை பேரு முன்னாடி, என்னைத் தூக்கிப் போட்டுட்டாங்கன்னு சொல்லவா?"

"அந்த லெட்டரை எழுதினது நான் ஆன்டி. உங்களுக்குக் கெடைக்கலைன்னா நான்..." அதற்கு மேல் வரவில்லை.

ஆன்டி கலக்குவதை நிறுத்தினார். அவள் கலங்கி இப்போதுதான் பார்க்கிறார்.

"அட, நீ ஏன் கண்ணு? நான் சொன்னேன், நீ எழுதுனே." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்கிளுக்கு வேலை போன கதை உனக்குத் தெரியாது. நீ அப்பச் சின்னப் பிள்ளை. லோரி ஓட்டிக்கிட்டு இருந்தாரு. மேனேஜரோட வாய்ச்சண்டை. நாளைக்கு வராதேன்னுட்டான். அன்னையிலேருந்து இந்த மனுஷன் என்ன செஞ்சாலும் நான் அதைத்தான் இழுப்பேன். குழம்புல உப்பு இல்லைன்னு சொல்லட்டுமே, 'ஒங்களத்தான் வேலைய விட்டு விரட்டுனாங்க, என்னை யாரும் விரட்டல'ம்பேன். பதினஞ்சு வருஷம். ஹேமா கல்யாணத்துல சம்பந்தி முன்னாடியே சொல்லிட்டேன். இப்ப கம்பெனிக்காரன் என் பேரை போர்டுல ஒட்டிட்டான். அந்த வெள்ளிக்கிழமை லெட்டரை வாங்கிக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது? அவன் சொல்றதுக்குள்ள நானே சொல்லிடணும்னு முந்திக்கிட்டேன்."

மழை தூற ஆரம்பித்தது. ஆன்டி தேநீரைக் குடிக்காமலே எழுந்தார்.

மறுநாள் வேலை முடிந்து வந்து, விளக்கக் கடிதத்துக்கு இரண்டு வரி எழுதிக்கொண்டு வாணி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கிள் இந்த நேரத்தில் டியூஷன் பிள்ளைகளை ஏற்றப் போயிருப்பார் என்பது கணக்கு. கதவைத் திறந்ததே அங்கிள்தான். அன்று டியூஷன் இல்லை.

"வாம்மா ஆபீஸ் கிராணி! கையில என்ன, அடுத்த லெட்டரா?"

வாணி தாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். உள்ளேயிருந்து ஆன்டி அவசரமாக வந்தார்.

"சும்மா வந்திருக்கா. நீங்க போய் வேனைக் கழுவுங்க."

"வேனைத்தான் ரெண்டு மாசமா நீ கழுவுறியே. இன்னும் தேய்ச்சா பெயின்ட் போயிடும்." வேலாயுதம் அங்கிள் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, விரலால் தள்ளித் தள்ளி எதையோ தேடினார். பிறகு திரையை வாணி பக்கம் நீட்டினார். "இதுதானே வேணும்?"

அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளின் படம். மேலே தேதி, கீழே கையெழுத்து, முத்திரை. பெயர்ப் பட்டியலில் மூன்றாவது வரி, லோகேஸ்வரி, அவருடைய அப்பா பெயரோடு.

ஆன்டி எட்டிப் பார்த்தார்.

"எப்பலேருந்து இது உங்ககிட்ட இருக்கு?"

"அமுதா மகனை வேன்ல ஏத்துறேன்ல. ஆன்டி ஏன் குரூப்பை விட்டுப் போயிட்டாங்கன்னு அந்தப் பொண்ணு அன்னைக்கே கேட்டுச்சு. என்னா குரூப்புன்னேன். அனுப்பி வச்சுச்சு."

"அன்னைக்கேன்னா?"

"நீ லெட்டர் குடுத்தேல்ல, அதுக்கு மறுநாளு."

"தெரிஞ்சுக்கிட்டுமா ரெண்டு மாசமா வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"நீ முதுகு வலின்னு சொன்னே. சரி, முதுகு வலின்னு நெனச்சுக்கிட்டேன்."

"பழி வாங்க நல்ல சமயம்னு தோணலையா? ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்லலாம்னுதான் பார்த்தேன். நீ படியக் கழுவிக்கிட்டு இருந்தே. அந்தக் கையில வெளக்குமாறு இருந்துச்சு. உசுரு முக்கியம் பாரு."

ஆன்டிக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறு ஏதோ ஆகிவிட, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

"எனக்கு அந்தக் காலத்துல இந்தச் சொக்சோ ஒண்ணும் கெடையாது" என்றார் அங்கிள், வாணியிடம், குரலைத் தாழ்த்தி. "இவளுக்கு இருக்குன்னு நேத்து அமுதா சொல்ற வரைக்கும் எனக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்பவே காட்டியிருப்பேன். எழுதும்மா நீ. நல்லா எழுது."

இந்தக் கடிதத்தை வாணி மூன்று முறை எழுதினாள். ஒவ்வொரு வரிக்கும் ஆன்டியிடம் கேட்டாள். லிஸ்ட் ஒட்டியது எத்தனை மணிக்கு? யார் ஒட்டினார்கள்? லெட்டரை யார் கையில் கொடுத்தீர்கள்? அவர் என்ன சொன்னார்? வாழ்நாளில் அவள் யாரையும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. ஆன்டி பதில் சொல்லிக்கொண்டே வெங்காயம் உரித்தார். ஒரு கேள்விக்கு மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். வெட்கப்பட்டு விலகினேன் என்று எழுதலாமா என்று வாணி கேட்டிருந்தாள்.

"எழுது. பொய்யில்லையே."

ஐம்பத்தெட்டாம் நாள். அதே அலுவலகம், அதே பெண். இந்த முறை அங்கிளும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆன்டி சாதாரண சுடிதார்தான் போட்டிருந்தார். படத்தை அச்செடுத்த தாளையும் கடிதத்தையும் முகப்பில் வைத்தாள் வாணி. அந்தப் பெண் படித்து முடித்துவிட்டு, வாயாலும் கேட்க வேண்டும் என்பதால் கேட்டாள்.

"அப்போ, வேலையை விட்ட காரணம் என்ன மக்சிக்?"

ஆன்டி வாணியைப் பார்த்தார். வாணி பேச வாய் திறந்தாள். இந்த முறை குரலும் வந்தது. "இவங்க..." என்று ஆரம்பித்தவளின் முழங்கையை ஆன்டி பிடித்து அழுத்தினார்.

"என் பிரிவை மூடிட்டாங்க" என்றார் மலாயில். "என்னை நிறுத்திட்டாங்க. எனக்கு அவமானமா இருந்துச்சு. அதான் முந்திக்கிட்டேன்."

பின்னால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அதையே சொல்ல வந்தவர்கள். ஆன்டிக்கு அது அப்போதுதான் தெரிந்ததுபோல, திரும்பி வரிசையை ஒருமுறை முழுதாகப் பார்த்தார்.

பிறகு காத்திருப்பு. ஆன்டி இப்போது மாடிப்படியை விட்டுவிட்டுக் கைப்பேசியைத் தேய்க்க ஆரம்பித்தார். எந்தச் செய்தி வந்தாலும் வாணி வீட்டுக் கதவு தட்டப்படும். "கண்ணு, இது அவங்களா பாரு." அது தள்ளுபடி விலையில் மெத்தை விற்பவனாக இருக்கும். மூன்றாவது வாரம் வந்தது அவர்களேதான். தொழிற்சாலை ஏற்கெனவே தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்பியிருந்த ஆள்குறைப்புப் பட்டியலில் ஆன்டியின் பெயர் இருந்ததாம், விண்ணப்பம் ஏற்கப்பட்டது. தொழிற்சாலை தர வேண்டிய நஷ்டஈட்டுக்குத் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறார்கள். அது இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. தேதி தள்ளிப்போகும்போதெல்லாம் ஆன்டி வேனைக் கழுவுகிறார்.

அங்கிளை அவர் இப்போது அந்தப் பழைய பேச்சால் குத்துவதில்லை. குத்த வேறு விஷயம் கண்டுபிடித்திருக்கிறார்: "ரெண்டு மாசம் போனுக்குள்ள வச்சுப் பூட்டிக்கிட்ட ஆளுதானே நீங்க."

உதவித்தொகை வாங்குகிறவர் வேலை தேடிக்கொண்டும் இருக்க வேண்டும். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் ஒரு மருத்துவமனைச் சலவைப் பிரிவுக்கான விண்ணப்பப் பாரத்தோடு ஆன்டி வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். பெயர், முகவரி, படிப்பு எல்லாவற்றையும் வாணி நிரப்பினாள். முன் வேலை என்ற இடத்தில் கையுறைச் சோதனை, இருபத்திரண்டு வருடம் என்று எழுதினாள். அதற்குக் கீழே ஒரு கோடு: வேலையை விட்ட காரணம்.

வாணி எழுதவில்லை. தலை நிமிர்ந்து, "ஆன்டி, இதுக்கு என்ன..." என்று கேட்க ஆரம்பித்தாள்.

ஆன்டி கை நீட்டினார்.

"அந்தக் கோட்டை மட்டும் விட்டுடு கண்ணு. பேனாவை இப்படிக் குடு. எழுத்து கோணலா இருந்தாலும் பரவால்ல, அதை நான் எழுதறேன்."